யார் என்று கேட்காத பெட்டிகள்

டிஜே மேடையில் இரண்டு பிளேயர்கள், நடுவில் ஒரு மிக்ஸர். இடது பிளேயரில் பாட்டு ஓடிக்கொண்டிருக்கிறது. வலது பிளேயரில் அடுத்த பாட்டு அது தொடங்க வேண்டிய இடத்தில், அதாவது க்யூ புள்ளியில், நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது. டிஜே வலது பிளேயரைத் தொடவில்லை. மிக்ஸரில் அதற்குரிய ஃபேடரை மட்டும் மேலே தள்ளுகிறார். பிளேயர் தானாக ஓடத் தொடங்குகிறது. இதற்கு ஃபேடர் ஸ்டார்ட் என்று பெயர்.

ஃபேடர் நகர்ந்த அந்தக் கணத்தில் மிக்ஸரிலிருந்து லேன் கேபிள் வழியே ஒரு பாக்கெட் புறப்பட்டது. அதன் நீளம் மொத்தம் 40 பைட். முதல் பத்து பைட், இது இந்தக் குடும்பத்துச் செய்தி என்று காட்டும் மாறாத அடையாளம். அடுத்த ஒரு பைட் செய்தியின் வகை. பிறகு அனுப்பும் கருவியின் பெயருக்கு 20 பைட். அதன் பின் அனுப்புபவரின் எண்ணும், மிச்சமிருக்கும் நீளமும். கடைசி நான்கு பைட்தான் கட்டளை: முதல் பிளேயருக்கு ஒன்று, இரண்டாவதற்கு ஒன்று என்று வரிசையாக நான்கு எண்கள். 0 என்றால் ஓடு. 1 என்றால் நின்று க்யூ புள்ளிக்குத் திரும்பு. 2 என்றால் இருக்கிறபடியே இரு.

இந்த 40 பைட்டில் கடவுச்சொல் எதுவும் இல்லை. ‘இதை அனுப்பியது மிக்ஸர்தான்’ என்பதற்கு எந்தச் சான்றும் இல்லை. அதே ஸ்விட்ச்சில் ஒரு லேப்டாப்பைச் செருகி, அதே 40 பைட்டை 50001-ஆம் எண் போர்ட்டுக்கு அனுப்பினாலும் பிளேயர் ஓடும். பெயர் இருக்க வேண்டிய 20 பைட்டில் எந்தப் பெயரை எழுதியிருந்தாலும் அது கவலைப்படாது.

பயனியர் நிறுவனம் 2009-இல் வெளியிட்ட சிடிஜே-2000 பிளேயரோடு புழக்கத்துக்கு வந்த ‘ப்ரோ டிஜே லிங்க்’ என்னும் வலையமைப்பு இது. அதன் டிஜே பிரிவு பிறகு தனி நிறுவனமாகி, 2020-இல் ஆல்ஃபாதீட்டா என்று பெயர் மாறியது. வலையமைப்பின் அடிப்படை அப்படியே நீடிக்கிறது. உலகெங்கும் பெரிய இரவு விடுதிகளிலும் இசை விழா மேடைகளிலும் நிற்பவை பெரும்பாலும் இந்த வரிசைப் பிளேயர்கள்தான்.

இந்த விஷயத்தைப் பேசத் தமிழ்நாட்டில் ஓசூர் – கிருஷ்ணகிரி வட்டாரத்தைவிடப் பொருத்தமான இடம் இல்லை என்பது என் எண்ணம். 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் ஜூஜுவாடியைத் தாண்டினால் அத்திப்பள்ளி, அங்கிருந்து கர்நாடகம். ஓசூரிலிருந்து பெங்களூரு சுமார் 40 கிலோமீட்டர்தான். அந்தப் பக்கம் சிடிஜே பிளேயர்கள் வரிசையாக நிற்கும் இரவு விடுதிகள். இந்தப் பக்கம் அரசின் சிப்காட் தொழிற்பேட்டை. 1980-இல் டிவிஎஸ் 50 மொபெட் ஓசூரிலிருந்து வெளிவந்தது. அசோக் லேலண்டும் அந்தக் காலத்தில்தான் இங்கே வந்தது. டாடா குழுமமும் தமிழ்நாடு அரசின் டிட்கோவும் சேர்ந்து 1984-இல் தொடங்கிய டைட்டன், தன் கைக்கடிகாரத் தொழிற்சாலையை ஓசூரில் அமைத்தது. இப்போது டாடா எலெக்ட்ரானிக்ஸ், போச்சம்பள்ளியில் ஓலாவின் மின்ஸ்கூட்டர் ஆலை, கிருஷ்ணகிரியில் தைவானைச் சேர்ந்த டெல்டா எலெக்ட்ரானிக்ஸ் என்று பட்டியல் நீள்கிறது. பெரிய ஆலைகளுக்கு உதிரிபாகம் செய்து தரும் சிறு பட்டறைகள் இவற்றைச் சுற்றி நூற்றுக்கணக்கில் இருக்கின்றன.

விடுதி மேடையில் இருக்கும் பிளேயரும் பட்டறையின் பேனலுக்குள் இருந்து மெஷினை இயக்கும் பிஎல்சியும் பார்வைக்கு எந்த ஒற்றுமையும் இல்லாதவை. கம்பிக்குள் அவை பேசும் விதம் மட்டும் ஒன்று. இரண்டும் வந்த கட்டளையைச் செய்யும். வந்தது யாரிடமிருந்து என்று கேட்காது. ஏன் இப்படி என்பதுதான் இந்த அத்தியாயம். வடிவமைத்தவர்களின் அலட்சியம் என்று இதைத் தள்ளிவிட முடியாது. கம்பியில் பிறந்த ஒரு நம்பிக்கை, கம்பியின் தன்மை மாறிய பிறகும் கூடவே வந்துவிட்டது.

ஃபேடர் ஸ்டார்ட் வலையமைப்பின் காலத்தில் பிறந்ததல்ல. அதற்கு முந்தைய சிடிஜே பிளேயர்களின் பின்புறத்தில் ‘கன்ட்ரோல்’ என்று எழுதிய ஒரு சிறு துளை இருக்கும். ஹெட்ஃபோன் பின்னைப் போன்ற பின் கொண்ட மெல்லிய கேபிள் ஒன்று அதிலிருந்து மிக்ஸருக்குப் போகும். ஃபேடர் ஏறினால் அந்தக் கம்பியில் ஒரு மின்சைகை, பிளேயர் ஓடும். அந்த ஏற்பாட்டில் ‘யார் அனுப்பியது’ என்ற கேள்விக்கே இடமில்லை. கம்பியின் மறுமுனையில் மிக்ஸர் இருக்கிறது. வேறு யாரும் இருக்க வழியில்லை. கேபிளே அடையாளச் சான்றாக இருந்தது.

பிறகு அந்தக் கேபிளின் வேலையை லேன் ஏற்றுக்கொண்டது. நான்கு பிளேயர்களும் ஒரு மிக்ஸரும் சாதாரண ஸ்விட்ச் ஒன்றில் சேர்ந்தன. கன்ட்ரோல் கேபிள் சொன்ன அதே ‘ஓடு’, ‘நில்’ இப்போது பாக்கெட்டாக வந்தது. ஆனால் லேன் என்பது இரு முனைகள் மட்டும் உள்ள கம்பியல்ல. ஸ்விட்ச்சில் காலியாக இருக்கும் ஒவ்வொரு துளையும் ஒரு புதிய முனை. செய்தி இடம் பெயர்ந்தபோது, கம்பி சும்மா தந்துகொண்டிருந்த சான்று பழைய கேபிளோடு பெட்டிக்குள் போய்விட்டது.

இந்தப் பெட்டிகள் ஒன்றையொன்று எப்படிக் கண்டுகொள்கின்றன என்பது அழகான கதை. அவற்றுக்கு மேலே ஒரு தலைமைக் கணினி கிடையாது. ஒரு பிளேயருக்கு மின்சாரம் கொடுத்ததும் 50000-ஆம் போர்ட்டில் ‘நான் வந்திருக்கிறேன்’ என்று எல்லோருக்கும் கேட்கும்படி 300 மில்லிநொடி இடைவெளியில் மூன்று முறை அறிவிக்கிறது. பிறகு ‘2-ஆம் எண் எனக்கு வேண்டும்’ என்று மூன்று படிகளில், படிக்கு மூன்று முறை கேட்கிறது. அந்த எண் ஏற்கனவே வேறொன்றிடம் இருந்தால் அது உடனே மறுப்புச் செய்தி அனுப்பும். மறுப்பு வராவிட்டால் எண் இதற்கு. அதன் பின் ஒன்றரை நொடிக்கு ஒருமுறை ‘இன்னும் இருக்கிறேன்’ என்ற 54 பைட் செய்தி. ஐபி முகவரி தர ரவுட்டர் இல்லாவிட்டாலும் குழப்பமில்லை, 169.254 என்று தொடங்கும் முகவரியைத் தானே சூட்டிக்கொள்ளும். மெயின்டனன்ஸ் வேலை பார்ப்பவர்கள் லேப்டாப்பில் 169.254 தெரிந்தாலே ‘டிஹெச்சிபி கிடைக்கலை’ என்று சலித்துக்கொள்வார்கள். இங்கே அந்த முகவரியே முழு வேலையையும் செய்கிறது.

அரை இருட்டில் எந்தப் பயிற்சியும் இல்லாத ஒருவர் கேபிளைச் செருகினால் சில நொடிகளில் எல்லாம் இயங்க வேண்டும். பாஸ்வேர்டு கேட்டு ஒரு பிளேயர் மேடையில் முரண்டு பிடிக்கக் கூடாது. அந்தத் தேவைக்கு இது மிகச் சிறந்த வடிவமைப்பு. அதையும் சொல்லாமல் குறை மட்டும் சொல்வது நியாயமில்லை.

இனி பீட். பாட்டின் ஒவ்வொரு அடி விழும்போதும் பிளேயர் 96 பைட் கொண்ட ஒரு பாக்கெட்டை எல்லோருக்கும் ஒலிபரப்புகிறது. அடுத்த அடிக்கு எத்தனை மில்லிநொடி, அதற்கடுத்த அடிக்கு எத்தனை, அடுத்த ஆவர்த்தம் எப்போது, இது நான்கில் எத்தனையாவது அடி என்பதெல்லாம் அதில் இருக்கும். நிமிடத்துக்கு 128 அடி ஓடும் பாட்டில் இரண்டு அடிகளுக்கு இடையே 468.75 மில்லிநொடி. தசமப் புள்ளி வராமல் இருக்க வேகத்தை நூறால் பெருக்கி 12800 என்று எழுதிவிடுகிறார்கள். டிஜே பாட்டின் வேகத்தை ஸ்லைடரால் கூட்டிக் குறைப்பார் அல்லவா, அதற்குத் தனி எண்: 10,48,576 என்றால் இயல்பான வேகம், 0 என்றால் நின்றுவிட்டது, 20,97,152 என்றால் இரட்டிப்பு. விசித்திரமாகத் தெரியும் இந்த எண் இரண்டின் 20-ஆம் அடுக்கு. கணினிக்கு அது வட்டமான எண்.

பாக்கெட்டில் இருக்கும் மில்லிநொடிகள் பாட்டின் இயல்பான வேகத்துக்கு உரியவை. ஸ்லைடரை 2 சதவீதம் கூட்டியிருந்தால், கேட்பவர்தான் 128-ஐ 1.02-ஆல் பெருக்கி, 130.56 என்று கண்டு, அடுத்த அடி ஏறக்குறைய 459.6 மில்லிநொடியில் விழும் என்று கணக்கிட்டுக்கொள்ள வேண்டும். இப்படிக் கணக்கிடத் தெரிந்த எந்தக் கருவியும் அந்தத் தாளத்தோடு சேர்ந்துகொள்ளலாம். வலையமைப்பில் ஒரு பிளேயர் ‘டெம்போ மாஸ்டர்’; சின்க் போட்ட மற்றவை அதன் வேகத்துக்கு இணங்கும். நாதஸ்வரக் குழுவில் ஜால்ரா பிடிப்பவரைப் போல என்று சொல்லலாம்: ராகம் எங்கே போனாலும் காலப்பிரமாணம் அவர் கையில். ஒரு வித்தியாசம், இங்கே அந்தப் பொறுப்பு பாட்டுக்குப் பாட்டு கை மாறும். அதைக் கை மாற்றவும் ஒரு பாக்கெட் உண்டு. ‘சின்க் போடு’, ‘சின்க்கை எடு’, ‘நீ மாஸ்டராகு’ என்று வெளியிலிருந்து சொல்லும் பாக்கெட்டும் உண்டு. ‘அந்த யுஎஸ்பியில் இருக்கும் இந்தப் பாட்டை ஏற்று’ என்று சொல்லவும் முடியும். அது 50002-ஆம் போர்ட்டுக்குப் போகும்.

இதில் எதையும் நிறுவனம் புத்தகமாக அச்சிட்டுக் கொடுக்கவில்லை. வெளியிலிருந்து கேட்டுக் கேட்டுக் கண்டுபிடித்தார்கள். அந்த வேலையில் முன்னால் நிற்பவர் அமெரிக்காவைச் சேர்ந்த ஜேம்ஸ் எலியட். ‘டீப் சிம்மெட்ரி’ என்ற பெயரில் கட்டற்ற மென்பொருள்களை வெளியிடுபவர். மேடை விளக்குகளை இயக்கும் ‘ஆஃப்டர்க்ளோ’ என்ற மென்பொருளை எழுதிக்கொண்டிருந்தார். டிஜேயின் தாளத்துக்கு விளக்குகள் இம்மி பிசகாமல் எரிய வேண்டும் என்பது அவர் ஆசை. மைக் வைத்துச் சத்தத்தைக் கேட்டு அடியை ஊகிக்கலாம், ஆனால் அது தவறும். பிளேயருக்கே அடி எங்கே விழுகிறது என்று தெரியும்போது அதனிடமே கேட்டால் என்ன?

பிளேயர்களோ யாரும் கேட்காமலே பேசிக்கொண்டிருந்தன. வயர்ஷார்க் என்ற மென்பொருளால் கம்பியில் போகும் பாக்கெட்டுகளைப் பிடித்துப் பார்க்க முடியும். பார்த்தால் தெரிவது வெறும் எண்கள், வரிசை வரிசையாக. அவற்றுக்குப் பொருள் கண்டுபிடிப்பது எப்படி? பள்ளி ஆய்வகத்தில் கற்றுத்தரும் அதே முறைதான்: மற்ற எல்லாவற்றையும் அப்படியே வைத்துக்கொண்டு ஒன்றை மட்டும் மாற்று. பிளேயர் நின்றிருக்கும்போது சில பாக்கெட்டுகளைப் பிடி. பிளே பொத்தானை அழுத்திவிட்டு மறுபடி பிடி. எந்த பைட் மாறியது என்று ஒப்பிடு. ஸ்லைடரை மட்டும் நகர்த்து. எந்த நான்கு பைட் அதோடு நகர்கிறது என்று பார். நடுவில் வைத்தால் 10,48,576 வருகிறது, மேலே தள்ளினால் குறைகிறது என்றால் அது வேகம்தான். இப்படிப் பல நூறு முறை. நிலைமைச் செய்தி என்று ஒன்று ஏறக்குறைய 200 மில்லிநொடிக்கு ஒருமுறை போகிறது. 200 பைட்டுக்கும் மேல் நீளம். அதில் ஒரே ஒரு பைட்டின் நான்கு பிட்டுகளில் நான்கு உண்மைகள் அடங்கியிருந்தன: ஓடுகிறதா, மாஸ்டரா, சின்க்கில் இருக்கிறதா, மிக்ஸர் வழியே இதன் சத்தம் வெளியே கேட்கிறதா.

இங்கே ஒரு தடை வந்தது. பீட் பாக்கெட் எல்லோருக்கும் ஒலிபரப்பாகிறது. நிலைமைச் செய்தி அப்படியில்லை. வலையமைப்பில் தன்னை அறிவித்துக்கொண்ட கருவிகளுக்கு மட்டும் தனித்தனியாகப் போகிறது. ஓரமாக உட்கார்ந்து ஒட்டுக்கேட்பவருக்கு ஸ்விட்ச் அதைத் தராது. தீர்வு, கணினியே ஒரு பிளேயராக வேடம் போடுவது. முறைப்படி வணக்கம் சொல்லி, ஒரு எண்ணைக் கோரி, ஒன்றரை நொடிக்கு ஒருமுறை ‘இருக்கிறேன்’ என்று சொல்லிக்கொண்டே இருந்தால் போதும்; மற்ற பிளேயர்கள் அதையும் தங்களில் ஒன்றாக ஏற்றுத் தங்கள் நிலைமையை ஒப்பிக்கத் தொடங்கும். பாட்டின் பெயர், பாடியவர் போன்ற விவரங்களைக் கேட்பது இன்னொரு படி: அதற்கு 12523-ஆம் போர்ட்டில் போய், தரவுத்தளம் எந்தப் போர்ட்டில் இருக்கிறது என்று முதலில் விசாரிக்க வேண்டும். 1 முதல் 4 வரையுள்ள எண் ஒன்றை வைத்திருப்பவருக்குத்தான் அந்தத் தரவுத்தளம் பதில் சொல்லும். நான்கு எண்களும் உண்மையான பிளேயர்களிடம் இருந்தால் வேடதாரிக்கு இடமில்லாமல் போகும்.

எலியட் தாம் கண்டறிந்த ஒவ்வொரு பைட்டையும் படம் போட்டு வெளியிட்டார். அதன் மேல் எழுந்த ‘பீட் லிங்க் ட்ரிகர்’ என்ற மென்பொருள் இன்று பல நாட்டு மேடைகளில் விளக்கையும் லேசரையும் வீடியோவையும் பாட்டோடு பிணைக்கிறது. பூட்டு இல்லாததால் கிடைத்த நன்மை இது. தன்னுடைய கருவியில், அல்லது உரியவரின் அனுமதியோடு செய்யும்வரை இது அறிவியல். அடுத்தவர் நிகழ்ச்சியில் புகுந்து ‘நில்’ அனுப்பினால், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-ஆம் பிரிவில் மூன்றாண்டு வரை சிறையோ, ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ கிடைக்கலாம்.

இனி சிப்காட்டுக்குள் வருவோம். டிக் மோர்லியும் நண்பர்களும் 1968-இல் உருவாக்கிய கருத்துதான் பிஎல்சி. ரிலேக்களை அடுக்கி ஒயர் செய்த பெரிய பேனலுக்குப் பதில், நிரல் எழுதி மாற்றக்கூடிய ஒரு பெட்டி. அவர்கள் தொடங்கிய மோடிகான் நிறுவனம் 1979-இல் அந்தப் பெட்டிகள் பேசிக்கொள்ள ஒரு மொழியை வெளியிட்டது: மாட்பஸ். ஒரு தலைவர், கீழே 1 முதல் 247 வரை எண் கொண்ட கருவிகள், எல்லாம் ஒரே தொடர்வரிசைக் கம்பியில். தலைவர் கேட்டால் கருவி பதில் சொல்லும்; கேட்காமல் பேசாது. மொழி எளிது, யாரும் எழுதலாம், உரிமக் கட்டணம் இல்லை. இன்றும் மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் டிரைவ், மின்சார மீட்டர், வெப்பநிலைக் கன்ட்ரோலர் என்று ஒரு சின்னப் பட்டறையின் பேனலைத் திறந்தாலும் மாட்பஸ் பேசும் கருவி ஒன்றாவது இருக்க வாய்ப்பு அதிகம்.

அந்தப் பழைய மாட்பஸில் ஒவ்வொரு செய்தியின் முடிவிலும் இரண்டு பைட் சரிபார்ப்பு உண்டு. வெல்டிங் மெஷினும் பெரிய மோட்டாரும் கிளப்பும் மின்இரைச்சலில் ஒரு பிட் கெட்டுப்போனால் அது காட்டிக்கொடுத்துவிடும். வேண்டுமென்றே எழுதிய தவறான செய்தியை அது தடுக்காது. எழுதியவர் சரிபார்ப்பையும் சரியாகக் கணக்கிட்டு ஒட்டிவிடுவார். 1979-இல் அந்தக் கவலை தேவைப்படவில்லை. கம்பி பேனலில் தொடங்கிப் பேனலில் முடிந்தது. பேனலுக்குப் பூட்டு இருந்தது, ஆலைக்குக் கேட் இருந்தது, கேட்டில் செக்யூரிட்டி இருந்தார்.

1999-இல் மாட்பஸை ஈதர்நெட்டுக்குக் கொண்டுவந்தார்கள். 502-ஆம் போர்ட். பழைய செய்தியில் சரிபார்ப்பை மட்டும் விட்டுவிட்டு மற்றதை அப்படியே எடுத்து, முன்னால் ஒரு சிறு தலைப்பை ஒட்டினார்கள். ஒரு ரிலேயை ஆன் செய்ய வேண்டுமென்றால் அனுப்ப வேண்டியது 12 பைட். முதல் இரண்டு செய்தியின் வரிசை எண், அடுத்த இரண்டு மாட்பஸ் என்பதற்கான பூஜ்யங்கள், அடுத்த இரண்டு மிச்ச நீளம், பிறகு கருவி எண் ஒரு பைட். அதன் பின் 5: ‘ஒரு காயிலுக்கு எழுது’. ரிலே போன்ற ஆன்–ஆஃப் இலக்குக்கு மாட்பஸ் வைத்த பெயர் காயில். பிறகு எந்தக் காயில் என்று இரண்டு பைட். கடைசி இரண்டு பைட் பதினாறடிமான எண்முறையில் FF00 என்றால் ஆன், 0000 என்றால் ஆஃப். கருவி அதைச் செய்துவிட்டு அதே 12 பைட்டை எதிரொலியாகத் திருப்பி அனுப்பும். ஃபேடர் ஸ்டார்ட்டுக்கு 40 பைட் தேவைப்பட்டது. ஆலைக்கு அதில் மூன்றில் ஒரு பங்குகூடத் தேவையில்லை.

டிஜே கேபிளுக்கு நடந்ததேதான் இங்கேயும். கம்பி மாறியது, செய்தி மாறவில்லை, சான்று காணாமல் போனது. மேடையில் அதன் விலை ஒரு பாட்டு நின்றுபோவது. ஆலையில் என்ன விலை என்பதை உக்ரைன் பார்த்தது. 2024 ஜனவரியில், வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே இருந்தபோது, லிவிவ் நகரில் 600-க்கும் மேற்பட்ட அடுக்குமாடிக் கட்டடங்களுக்கு ஏறக்குறைய இரண்டு நாள் வெப்பமூட்டல் நின்றது. காரணமான நிரலை அந்த ஆண்டு ஜூலையில் டிராகோஸ் என்ற பாதுகாப்பு நிறுவனம் விவரித்து, ஃபிராஸ்டிகூப் என்று பெயரிட்டது. அது செய்த வேலை, 502-ஆம் போர்ட்டில் கட்டுப்பாட்டுக் கருவிகளோடு மாட்பஸ் பேசியதுதான். மொழியின் இலக்கணத்தை அது எங்கும் மீறவில்லை. ஒழுங்கான கட்டளைகள், ஒழுங்கான நீளம். கருவிகளும் ஒழுங்காகக் கீழ்ப்படிந்தன.

தமிழ்நாட்டுக்கும் ஒரு முன்னனுபவம் உண்டு. 2019 அக்டோபர் 30 அன்று, கூடங்குளம் அணுமின் நிலையத்தின் நிர்வாக வலையமைப்பில் இருந்த ஒரு கணினியில் தீநிரல் புகுந்திருந்ததை இந்திய அணுமின் கழகம் ஒப்புக்கொண்டது. அந்தக் கணினி இணையத்தோடு தொடர்பில் இருந்தது. உலையைக் கட்டுப்படுத்தும் வலையமைப்பு அதிலிருந்து தனித்திருந்ததால் அங்கே பாதிப்பில்லை என்றும் கழகம் சொன்னது. ‘தனித்திருந்தது’ என்ற சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. பெரிய அமைப்புகளுக்கு இந்தப் பிரிவைச் செய்ய ஆளும் பணமும் உண்டு. சிப்காட்டின் பின்தெருவில் பத்துப் பேரோடு ஓடும் பட்டறையில் அக்கவுன்ட்ஸ் கணினி, சிசிடிவி, வைஃபை, மெஷின் எல்லாம் ஒரே ஸ்விட்ச்சில் தொங்குவது எளிதில் நடந்துவிடும். எனக்குக் கவலை அங்கேதான்.

மாட்பஸுக்கே பூட்டுப் போட்ட வடிவம் 2018-இல் வந்துவிட்டது. 802-ஆம் போர்ட்டில் குறியாக்கத்தோடு, சான்றிதழ் காட்டினால்தான் பேசும். ஆனால் ஓசூரில் இன்று ஓடும் ஒரு பிரஸ்ஸோ லேத்தோ இன்னும் பல ஆண்டு ஓடும். அதன் பிஎல்சிக்கு அந்தப் புதிய மொழி தெரியாது, தெரியவைக்கவும் முடியாது. அதனால் பழைய கம்பி தந்த சான்றை வேறு வழியில் திரும்பத் தர வேண்டியிருக்கிறது. மெஷின்களுக்குத் தனி ஸ்விட்ச். பயன்படாத துளைகளை ஸ்விட்ச்சின் செட்டிங்கிலேயே அடைப்பது. சர்வீஸுக்கு வருபவரின் லேப்டாப்பை நேராக மெஷின் வரிசையில் செருகவிடாமல் இருப்பது. மாட்பஸ் புரிந்த ஃபயர்வால் ஒன்றை நடுவில் வைத்தால் இன்னும் நுணுக்கமாகச் செய்யலாம்: 3-ஆம் எண் கட்டளை வெறும் படிப்பு, அதை அனுமதி, 5, 6, 15, 16 எழுதும் கட்டளைகள், அவை ஒரே ஒரு முகவரியிலிருந்து மட்டும் வரட்டும். மின்கட்டணத்தைக் குறைக்க மீட்டரை அலுவலகத்திலிருந்து படிக்க விரும்பும் முதலாளிக்குப் படிப்பு மட்டும் போதும். எழுதும் உரிமை அவர் லேப்டாப்புக்குத் தேவையில்லை.

உயிர் சம்பந்தப்பட்ட ஓரிடத்தில் பொறியாளர்கள் பழைய கம்பியை எளிதில் கைவிடவில்லை. மெஷினில் சிவப்புக் காளான் போல இருக்கும் எமர்ஜென்சி ஸ்டாப் பொத்தானிலிருந்து தனிக் கம்பி பாதுகாப்பு ரிலேவுக்குப் போகும். ரிலே விழுந்தால் மோட்டாருக்கு மின்சாரமே போகாது. பிஎல்சி என்ன நினைத்தாலும், வலையமைப்பில் எந்த பாக்கெட் வந்தாலும் அது மாறாது. இதற்கென்றே சான்றிதழ் பெற்ற பாதுகாப்பு நெறிமுறைகள் வலையமைப்பிலும் இப்போது உண்டு. ஆனாலும் சாதாரண மெஷின்களில் கம்பிதான் வழக்கம்.

மேடையிலும் ஒரு எமர்ஜென்சி இருக்கிறது, நேர்எதிர்த் திசையில். சிடிஜே பிளேயரில் பாட்டைத் தொடர முடியாத நிலை வந்தால், கையில் இருக்கும் கடைசி நான்கு அடியை அது திரும்பத் திரும்ப ஓடவிடும். எமர்ஜென்சி லூப். அடுத்த பாட்டை ஏற்றும்வரை ஆடுபவர்களுக்கு மௌனம் கேட்காது. ஆலையில் ஆபத்து வந்தால் நிற்க வேண்டும். மேடையில் ஆபத்து வந்தால் நிற்கக் கூடாது. தொடர்பு அறுந்தால் எது பாதுகாப்பான நிலை என்பதைக் கருவி தானாக அறியாது; ஒருவர் முன்கூட்டி யோசித்து எழுதிவைக்க வேண்டும்.

அப்படி எழுதிவைக்கும் இடம் டிரைவின் பாராமீட்டர் பட்டியலில் இருக்கிறது. டெல்டா உட்படப் பல நிறுவனங்களின் டிரைவ்களில், இத்தனை நொடி மாட்பஸ் செய்தி வராவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்று தேர்ந்தெடுக்க முடியும்: எச்சரித்துவிட்டு ஓடிக்கொண்டே இருப்பது, மெதுவாக வேகம் குறைத்து நிற்பது, மின்சாரத்தை விட்டுத் தானாகச் சுழன்று நிற்பது. ஆட்கள் கை வைத்து வேலை செய்யும் கன்வேயருக்கு நிற்பதுதான் சரி. பெயின்ட் பூத்தின் புகைபோக்கி விசிறி நின்றால் கரைப்பான் ஆவி உள்ளே சேர்ந்துவிடும். அதற்கு ஓடிக்கொண்டே இருப்பதுதான் சரி. ஒரே பேனலில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் ஒரே மாதிரியான இரண்டு டிரைவ்களில் இந்த ஒரு எண் வேறு வேறாக இருக்க வேண்டும். பேனலை இயக்கிக் கொடுக்கும் நாளில் இரண்டின் தொடர்புக் கம்பியையும் ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்த்தால், அது சரியாக எழுதப்பட்டிருக்கிறதா என்று அங்கேயே தெரிந்துவிடும்.